முடிக்குத் திசை உண்டா?

திருச்சி மலைக்கோட்டையின் அடிவாரக் கடைகளிலும், ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளிலும் சவுரி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பெண்ணின் சடைக்கும், பரதநாட்டியம் ஆடும் சிறுமியின் பின்னலுக்கும் நீளம் தருவது அதுதான். 'ஹேர் எக்ஸ்டென்ஷன்' என்று பெயர் மாறினால் விலை பல ஆயிரம் ரூபாய்க்கு ஏறிவிடுகிறது. உறையில் '100% மனித முடி' என்று அச்சிட்டிருப்பார்கள். ஆனால் வாங்கிய இரண்டே மாதத்தில் அது சிக்குப் பிடித்துத் தேங்காய் நார் போலாகிவிடுவதும் உண்டு. உறையில் இருப்பது பொய்யா? பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மனித முடியேதான்! பிறகு குறை எங்கே இருக்கிறது?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். சீப்பில் உதிர்ந்த நீளமான முடி ஒன்றை எடுங்கள். அதன் ஒரு முனையில் வெண்மையான சிறு குமிழ் தெரிந்தால் அதுவே வேர்ப்பக்கம். முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, விரல்களை முடியின் நீளவாக்கில் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முடி மெல்ல ஊர்ந்து செல்லும்; அதுவும் வேர்ப்பக்கமாக மட்டுமே. திருப்பிப் பிடித்துத் தேய்த்தாலும் வேர்தான் முன்னே போகும்.

இதற்குக் காரணம் உராய்வு. முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் மேற்பரப்பில், கூரையில் வேய்ந்த ஓடுகளைப்போல, நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு செதிலின் கனம் ஏறத்தாழ அரை மைக்ரான்தான். எல்லாச் செதில்களும் நுனியை நோக்கியே சாய்ந்திருக்கும். ஆகவே வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும். நுனியிலிருந்து வேருக்குத் தடவினால் சொரசொரக்கும்.

இனி, சமயபுரம் மாரியம்மன் கோயிலில் முடிக்காணிக்கை செலுத்தும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட கூந்தலைக் கட்டிவிட்டு மழித்தால், வேர்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் நிற்கும். இப்படித் திசை கலையாத முடிக்குத்தான் வணிகத்தில் 'ரெமி' என்று பெயர். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் 60 சென்டிமீட்டர் சவுரி என்பது ஐந்து ஆண்டு வளர்ச்சி! விலை ஏன் அதிகம் என்று இப்போது புரிகிறதல்லவா?

சீப்பு முடியைச் சேகரித்துத் திரட்டினால் கதை வேறு. அதில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். எதிரெதிர்ச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். அதுதான் சிக்கு. இதைத் தவிர்க்க, சில உற்பத்தியாளர்கள் அமிலத்தில் நனைத்துச் செதில்களையே நீக்கிவிட்டு, சிலிக்கோன் பூசிப் பளபளப்பாக்குகிறார்கள். கடையில் தொட்டால் பட்டுப்போலத்தான் இருக்கும். சில முறை தலைக்குக் குளித்ததும் பூச்சு போய்விடும். பாதுகாக்கச் செதிலும் இல்லாததால் முடி வறண்டுவிடும்.

ஆகவே '100%' என்ற எண் பொருளைச் சொல்கிறதே தவிர, திசையைச் சொல்வதில்லை. '8ஏ', '10ஏ' என்ற தரக் குறிகளோ விற்பவர்களே இட்டுக்கொள்பவை. ஒருவரின் 8ஏ இன்னொருவரின் 10ஏ ஆகலாம்.

எரித்துப் பார்க்கலாமே என்பீர்கள். ஆசிரியர் முன்னிலையில் ஓர் இழையை மட்டும் இடுக்கியால் பிடித்து எரியுங்கள். செயற்கை இழை பெரும்பாலும் உருகிக் கெட்டி மணியாகும். மனித முடி இறகு கருகும் நாற்றத்துடன் எரிந்து, நசுக்கினால் பொடியாகும் சாம்பலாகும். ஆனால் ஆட்டு மயிரும் கெராட்டின்தான். அதுவும் அப்படியே நாறும்! விரல் சோதனையே மேல். சவுரியிலிருந்து உருவிய ஐந்தாறு இழைகளை, எது மேல்முனை என்று நூல் கட்டி அடையாளமிட்டு, ஷாம்பூவால் நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தேய்த்து, எத்தனை இழைகள் மேல்முனைப் பக்கமாக ஊர்கின்றன என்று எண்ணுங்கள்.