பட்டம் முதல் பணி வரை – 9: எடைமேடையில் ஒரு பாடம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பெண்ணாடம் பக்கத்துப் பெற்றோர் கேட்பது இதைத்தான்: “கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தா வேலை கிடைக்குமா சார்?” கிடைக்கும், பிள்ளை தன் கையால் புரோகிராம் எழுதப் பழகினால்.

புரோகிராம் என்றால் என்ன என்பதைக் கரும்பு விளையும் இந்த ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எடைமேடையில் லாரி ஏறுகிறது. லோடோடு 21,480 கிலோ. இறக்கிய பின் 8,930 கிலோ. கரும்பு 12,550 கிலோ. கழித்தல் கணக்கை யாரும் எழுதிவிடலாம். ஒரே சீட்டு இரண்டு முறை பதிவானால்? லோடு எடையைவிடக் காலி எடை கூடுதலாக வந்தால்? பாதியில் கரண்ட் போனால்? இவற்றுக்கெல்லாம் பதில் வைத்திருப்பதுதான் மென்பொருள்.

இதிலிருந்தே வேலைகளும் பிரிகின்றன. எழுதுபவர் டெவலப்பர். எங்கே தவறும் என்று தேடிப் பிடிப்பவர் டெஸ்டர். விவசாயியின் கணக்கு அழியாமல் காப்பவர் டேட்டாபேஸ் ஆள். ராத்திரி பழுதானால் போன் எடுப்பவர் சப்போர்ட். எம்.எஸ்சி.யோடு பி.எட். முடித்தால் அரசுப் பள்ளிக் கணினிப் பயிற்றுநர் தேர்வும் எழுதலாம். ஏ.ஐ. நிரல் எழுதித் தரும் இந்தக் காலத்தில், அது எழுதியது சரியா என்று பார்க்கத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடத்தான் செய்யும்.

பி.எஸ்சி., பி.சி.ஏ. 3 வருடம்; பி.இ. 4 வருடம், பி.சி.ஏ.வுக்குப் பின் எம்.சி.ஏ. என்றால் மொத்தம் 5 வருடம். வெகுதூரம் போக முடியாதவர்களுக்குச் சிதம்பரத்தில் 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே அறிவியல் பிரிவிலும் பொறியியல் பிரிவிலும் கணினி படிக்கலாம்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

‘கிராமத்துப் பிள்ளை, தமிழ் மீடியம்’ என்ற பயமும் வேண்டாம். பள்ளிப் படிப்பு முடித்தவர்களையே எடுத்துப் பயிற்சி தரும் வேலையை ஜோஹோ மென்பொருள் நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. தென்காசி பக்கம் மத்தளம்பாறை கிராமத்திலேயே அலுவலகமும் வைத்தது. அங்கே கைத்திறனுக்குத்தான் முதல் மதிப்பு. ஆங்கிலமும் பழகப் பழக வரும். நீங்கள் எழுதிய புரோகிராமை நண்பனிடம் தினமும் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்குங்கள்.

முதலாண்டு மாணவர்களே, கடைசி வருட புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்காதீர்கள். பால் சொசைட்டிக் கணக்கோ, மளிகைக் கடைப் பற்று வரவோ, உங்கள் தெருவில் உள்ள ஒரு கணக்கை எடுத்து இந்த வருடமே எழுதத் தொடங்குங்கள். நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்டால் தடுமாறாமல் பேசுவீர்கள்.