பேரேடும் குறிப்பேடும்

வணிகர்கள் கொடுக்கல் வாங்கலை முதலில் குறிப்பேட்டில் எழுதி, பின்னரே பேரேட்டில் ஏற்றுவர் என்பதை மாணவர்களாகிய நீங்கள் அறிவீர்கள். பேரேடு தீக்கிரையானாலும், அதன் பழைய பிரதி ஒன்றும் அதற்குப் பின் எழுதிய குறிப்பேடும் இருக்குமாயின், கணக்கு முழுவதையும் மீண்டும் எழுதிவிடலாம். எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டில் வகுத்த நெறியைத் தழுவி, செய்திகளை அட்டவணைகளாகக் காக்கும் கணினித் தரவுத்தளங்களும் இம்முறையையே கைக்கொள்கின்றன.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மாற்றம் நிலைபெற்றது என்று அறிவிக்கும் முன்னரே, அது அம்மாற்றத்தைத் தன் பதிவேட்டில் எழுதிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுப்பிரதி எடுத்து, அன்று முதல் பதிவேட்டின் பகுதிகளையும் வேறிடத்தில் சேமித்து வருகிறோம். புதன்கிழமை பிற்பகல் 3 மணிக்கு ஒருவர் தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்துவிடுகிறார் என்று கொள்க. பழைய பிரதியை நிறுவி, பதிவேட்டில் கண்டபடி மாற்றங்களை வரிசையாகச் செய்துவந்து, 2 மணி 59 நிமிடத்தில் நிறுத்துமாறு கட்டளையிடலாம். குறித்த கணத்துக்கு மீட்டல் என்பது இதுவே. இடையில் ஒரு பகுதி காணாமற் போனாலும், மீட்சி அவ்விடத்திலேயே நின்றுவிடும்.

உடனுக்குடன் நகலெடுக்கும் துணைக்கணினி ஒன்று போதாதோ எனின், போதாது. தலைமைக் கணினியில் நேர்ந்த பிழை நொடிப்பொழுதில் துணைக்கணினியிலும் படிந்துவிடும் அன்றோ?

மென்பொருள் எழுதுவோர் தம் பணிகளைச் சேர்த்துவைக்கும் கிட்லேப் தளத்தில் 2017 ஜனவரி 31 அன்று நிகழ்ந்ததைக் கேளுங்கள். பதிவேட்டைச் சேமிக்கும் வழக்கம் அங்கு அப்போது இல்லை. பின்தங்கிய துணைக்கணினியைச் சீர்செய்ய முனைந்த பொறியாளர் ஒருவர், தவறுதலாகத் தலைமைக் கணினியின் கோப்புகளை அழித்துவிட்டார். நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய பிரதிகளைத் தேடினர், ஒன்றும் இல்லை. மென்பொருட் பதிப்புகள் பொருந்தாமையால் அப்பணி தோற்றுக்கொண்டே இருந்தது. அதனை அறிவித்த மின்னஞ்சல்களும் உரியவரை எட்டவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன், வேறொரு காரியத்துக்காக எடுத்த பிரதி ஒன்றே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்து மாற்றங்கள் மீளவில்லை. சுமார் 5,000 திட்டங்களும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிப்புற்றன. இவையனைத்தையும் அந்நிறுவனமே மறைக்காது எழுதி வெளியிட்டது.

ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்திராத பிரதியை நான் காப்பு என்று கருதுவதில்லை. போஸ்ட்கிரெஸ் விலையின்றிக் கிடைப்பது. உங்கள் கணினியில் அதனை நிறுவி, ஓர் அட்டவணையை வேண்டுமென்றே அழித்து, அதற்கு முந்திய நிமிடத்துக்கு மீட்டுப் பாருங்கள்.