மீண்டும் மீண்டும் நண்டு வடிவம்

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் முகச்சாயலில் ஒத்திருந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால், வமிசத்தால் வேறுபட்டு, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே தத்தம் வழியில் பிரிந்துபோன ஜீவராசிகள், பிற்காலத்தில் ஒரே உருவத்தை வந்தடைந்திருக்குமானால், அதற்குக் காரணம் என்ன என்று ஆராயாமல் இருக்க முடியாது. அகன்று தட்டையான ஓடு, வயிற்றின் அடியில் மடங்கிய வால், இருபுறமும் பரந்து நிற்கும் கால்கள் என்னும் லட்சணங்களைக் கொண்ட நண்டு வடிவம், சென்ற 25 கோடி ஆண்டுகளில் குறைந்தது ஐந்து தடவையாவது தனித்தனியே தோன்றியிருக்கிறது என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள்.

இதைக் கேட்டவுடனே, மீனும் பறவையும் மனிதனும்கூட ஒருநாள் நண்டாகிவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த மாற்றம் நிகழ்ந்ததெல்லாம் இறால், சிங்கி இறால், நண்டு முதலியவை அடங்கிய, பத்துக் கால்களையுடைய ஓட்டுடலிகளின் கூட்டத்துக்குள்தான். அக்கூட்டத்தில் இரண்டு கிளைகளை இங்கே நாம் கவனிக்க வேண்டும். ஒன்று, நம் சந்தைக்கு வருகிற கடல் நண்டும் வயல் வரப்பில் வளை தோண்டும் நண்டும் சேர்ந்த உண்மை நண்டுகளின் கிளை. இதில் ஏறக்குறைய 7,000 இனங்கள் உள்ளன. மற்றொன்று, நத்தைகள் விட்டுச்சென்ற ஓடுகளுக்குள் குடிபுகுந்து வாழும் துறவி நண்டுகளும் அவற்றின் உறவினங்களும் சேர்ந்த கிளை. இரண்டு கிளைகளின் மூதாதையரும் நீண்ட வாலுடையவர்களே. அப்படியிருந்தும் நண்டு வடிவம் இரண்டிலுமே தோன்றியிருக்கிறது, இரண்டாவது கிளையில் ஒரு தடவைக்கு மேற்பட்டும் தோன்றியிருக்கிறது.

இந்த விசித்திரத்துக்கு முதன்முதலில் ஒரு பெயர் சூட்டியவர் போரடெய்ல் என்னும் ஆங்கில விலங்கியல் அறிஞர். ஸ்காட் தலைமையில் தென்துருவத்தை நோக்கிப் புறப்பட்ட டெர்ரா நோவா கப்பற்பயணத்தில் சேகரிக்கப்பட்ட பிராணிகளை ஆராய்ந்து அவர் எழுதிய அறிக்கை 1916-இல் வெளிவந்தது. சுருண்ட சங்கு வீட்டைத் துறந்து, ஒரு சிறு சிப்பி ஓட்டை மட்டும் முதுகுப்புறத்தில் சுமந்து, உடலைத் தட்டையாக்கிக்கொண்ட ஒரு துறவி நண்டினத்தை அவ்வறிக்கையில் வர்ணித்த அவர், நண்டாகும் இந்த மாற்றத்துக்குக் 'கார்சினைசேஷன்' என்று பெயரிட்டார்.

இதற்கு மிகச் சிறந்த சான்று வட பசிபிக் கடலின் குளிர்ந்த நீரில் வாழும் ராஜ நண்டு. பத்துக் கிலோவுக்கும் மேற்பட்ட எடையும், விரித்த கால்களில் ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட அகலமும் எய்தக்கூடிய இந்தப் பெருஞ்ஜந்துவை நண்டன்று என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனாலும், துறவி நண்டுக்கு உரிய அங்கங்கள் இதன் சரீரத்தில் இன்றும் இருக்கின்றன. துறவி நண்டின் மென்மையான வயிறு, நத்தை ஓட்டின் சுருளுக்கு இசைவாக ஒருபுறமாகத் திருகியிருக்கும். முட்டைகளைத் தாங்கும் சிறு கால்கள் இடப்பக்கத்தில் மட்டுமே வளர்ந்திருக்கும். எந்த ஓட்டுக்குள்ளும் புகாத பெண் ராஜ நண்டைப் புரட்டிப் பார்த்தாலும், மடங்கிய வயிற்றின் தகடுகள் இருபுறமும் சமமாக இல்லாமல் கோணியிருப்பதையும், அச்சிறு கால்கள் இடப்பக்கத்தில் மட்டுமே இருப்பதையும் காணலாம். 1992-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி, துறவி நண்டுகளின் வமிச விருட்சத்துக்குள்ளேயே ராஜ நண்டுக்கு இடம் உண்டென்று காட்டி, உடலமைப்பிலிருந்து முன்னரே ஊகிக்கப்பட்டதை உறுதிப்படுத்தியது.

கடலோரப் பாறைகளின் அடியில் ஒளிந்து வாழும் பீங்கான் நண்டும் இத்தகையதே. விரல் நகம் அளவே இருந்து, கொடுக்கும் ஓடும் நண்டுக்குரிய வடிவிலேயே அமைந்திருந்தாலும், கால்களை எண்ணிப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். உண்மை நண்டுக்குக் கொடுக்குகள் நீங்கலாக நான்கு ஜோடிக் கால்கள் தெளிவாகத் தெரியும். பீங்கான் நண்டிலோ மூன்று ஜோடிகளே நடப்பதற்குப் பயன்படும், நான்காவது ஜோடி சிறுத்து ஒடுங்கி, உடலைத் துப்புரவு செய்யும் வேலைக்கு மட்டும் உதவும். அதன் நீண்ட உணர்கொம்புகள் கண்களுக்கு வெளிப்புறத்திலிருந்து புறப்படுவதும் இனத்தைக் காட்டிக்கொடுக்கும் மற்றோர் அடையாளம்.

இனி, காரணத்துக்கு வருவோம். சிங்கி இறால் ஆபத்தை உணர்ந்ததும் தன் தசைப்பற்று மிகுந்த வாலை விசையுடன் மடக்கி, பின்னோக்கிப் பாய்ந்து தப்பிக்கிறது. ஆனால் அந்த வாலே பகைவர்கள் விரும்பும் இரையாகவும், பாறைகளுக்கிடையே ஊர்ந்து திரியும் ஜந்துவுக்குப் பெரும் சுமையாகவும் ஆகிவிடுகிறது. வால் சிறுத்து அடியில் மடங்கினால், மென்மையான பாகம் ஓட்டின் கீழ் பாதுகாப்பாக அமைகிறது. உடலின் பாரம் கால்களுக்கு நடுவே தாழ்ந்து நிற்கிறது. தட்டையான உடல் குறுகிய இடுக்கிலும் நுழைகிறது. பக்கவாட்டில் விரைந்து ஓடுவதும் எளிதாகிறது. சமையலுக்கு வாங்கிய நண்டைப் புரட்டினால் வயிற்றோடு ஒட்டியிருக்கும் மடல்தான் அந்தப் பழைய வால்; ஆணுக்கு அது குறுகலாகவும், முட்டைகளைப் பொதிந்து காக்க வேண்டிய பெண்ணுக்கு அகலமாகவும் இருக்கும். நண்டுக் குஞ்சும் தன் வளர்ச்சியின் ஒரு பருவத்தில் வாலை நீட்டிக்கொண்டே நீந்தித் திரிந்து, பிறகுதான் அதை அடியில் மடக்கிக்கொள்கிறது.

சூழ்நிலையின் நிர்ப்பந்தம் ஒரு காரணமென்றால், பிறப்போடு வந்த உடலமைப்பு மற்றொரு காரணம். பத்துக் கால்களும், மார்பின் மேல் ஒரே ஓடும், பின்னே மடியக்கூடிய வாலும் மூதாதையரிடமிருந்து சொத்தாகக் கிடைத்திருந்ததால்தான், ஒரேவிதமான நெருக்கடிக்கு ஆளானபோது இந்த வமிசங்கள் ஒரேவிதமான பரிகாரத்தைக் கண்டன. அத்தகைய சொத்து இல்லாத பிராணிகளுக்கு இந்த வழி திறக்கவில்லை.

ஆகவே நண்டு வடிவத்தைப் பரிணாமத்தின் இறுதி லட்சியமாகக் கொள்வது பிழை. அவ்வடிவத்தை அடைந்தவற்றில் சில, பின்னர் அதைக் கைவிட்டும் இருக்கின்றன. அப்படி இழந்தது ஏழு தடவையோ அதற்கு மேலோ இருக்கலாம் என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மணலில் புதைந்து வாழும் தவளை நண்டு, அகன்ற ஓட்டை விட்டு நீண்ட உடலைப் பெற்றிருக்கிறது. கொலம்பியாவில் கிடைத்து 2019-இல் விவரிக்கப்பட்ட, 9 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு புதைபடிவத்தில், பெருங்கண்களும் துடுப்புப் போன்ற கால்களும் கொண்ட, நண்டைச் சிறிதும் ஒவ்வாத ஒரு நண்டைக் காண்கிறோம்.

இயற்கைக்கு உயர்ந்த வடிவம், தாழ்ந்த வடிவம் என்ற பேதம் கிடையாது. வாழும் இடத்துக்கு ஏற்றது, ஏலாதது என்ற பேதமே உண்டு. உருவ ஒற்றுமையை மட்டும் கண்டு உறவென்று முடிவு கட்டாமல், காலை எண்ணியும் வயிற்றைப் புரட்டியும் பார்க்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமானால், அதைவிடச் சிறந்த விஞ்ஞானப் பாடம் வேறில்லை.