கலத்தினுள் புகும் பரம்பரையலகு

ஒரு பரம்பரையலகின் தொழில் யாதென அறிய விழையும் ஆய்வாளர், அதனைக் கலமொன்றினுள் புகுத்திப் பார்ப்பர். புகுத்துவதோ எளிதன்று. பரம்பரையலகு அமைந்துள்ள டீ.என்.ஏ. மறையேற்றமுடையது, கலமென்சவ்வின் வெளிப்புறமும் அத்தகையதே. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுமன்றோ?

1987ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிலிப் பெல்க்னரும் குழுவினரும், நேரேற்றமுடைய இலிப்பிட்டு என்னும் கொழுப்புப் பொருளைக் கொண்டு இதற்கொரு வழி கண்டனர். அது டீ.என்.ஏ.யுடன் தானே பிணைந்து நுண்ணிய பொதியாகிறது. அப்பொதி சவ்வில் ஒட்ட, கலம் அதனை ஒரு சிறு பையாக உள்வாங்குகிறது. அப்பையினின்றும் தப்பிக் கருவை அடைவது சிறு பகுதியே.

எனினும், இலிப்பிட்டு மிகுந்தால் கலம் நலிந்து மடியும். ஆதலின், இலிப்பிட்டு மட்டும் இட்ட கலங்களையும் உடன்வைத்து ஒப்பிடுதல் வேண்டும். இன்றேல், கண்ட மாற்றம் பரம்பரையலகினால் விளைந்ததோ, அதனைச் சுமந்துசென்ற கொழுப்பினால் விளைந்ததோ எனத் துணிந்து கூற இயலாது.