கமராவுக்கு முன் விளக்கை யோசியுங்கள்

கல்முனையில் நான் ஸ்டூடியோ ஆரம்பித்த முதல் வருடம். கலியாண அல்பத்தைப் பெற்றுக்கொள்ள மணப்பெண்ணின் தாயார் வந்திருந்தார். பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போனவர், மகளின் பெரிய படத்தில் நிறுத்தினார். "தம்பி, படம் தெளிவாத்தான் இரிக்கி. ஆனா இது எங்கட புள்ளட முகமில்லியே" என்றார். உண்மைதான். இளம் பெண்ணின் கண்களுக்குக் கீழே கரிய நிழல். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் பூசியது போன்ற பளபளப்பு. மீதிப் பணத்தை நான் கேட்கவில்லை. அவருடைய இளைய மகளின் கலியாணத்துக்கு வேறொருவரே படமெடுத்தார்.

என் முதலீட்டில் பெரும்பகுதி கமராவுக்கும் லென்ஸுக்கும் போயிருந்தது. மீந்த சொற்பத் தொகையில்தான் விளக்கு வாங்கினேன். இத்தொழிலில் இறங்க எண்ணும் இளைஞர்கள் பலர் இன்றும் இதே பிழையைச் செய்வதால் என் அனுபவத்தை இங்கு எழுதுகிறேன்.

பலத்தை விடப் பருமன் முக்கியம்

பலம் கூடிய விளக்கென்றால் படம் நன்றாக வரும் என்றே நானும் நினைத்திருந்தேன். முகத்தில் விழும் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்குமா, மெல்லக் கரையுமா என்பது, படமெடுக்கப்படுபவருக்கு அந்த விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. நண்பகல் சூரியன் தூரத்தில் இருப்பதால் சிறு வட்டமாகத் தெரிகிறது. அதன் நிழல் கூர்மையானது. மேகம் மூடிவிட்டால் வானம் முழுவதுமே விளக்காகி நிழல் கரைந்துவிடுகிறது.

நான் பாவித்தது 7 அங்குல வாயுள்ள தகரக் கிண்ணம் பூட்டிய ஃப்ளாஷ். அதை 2 மீற்றர் தூரத்தில், தலைக்கு மேலே உயர்த்தி வைத்திருந்தேன். பின்னர் அதே ஃப்ளாஷில் 120 சென்ரிமீற்றர் அகலமான சொப்ட்பொக்ஸைப் பூட்டி, முகத்திலிருந்து 1 மீற்றர் தூரத்தில், ஒரு பக்கமாக 45 பாகையில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழிருந்த கருமை போய்விட்டது. தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் ஏறத்தாழ 4 மடங்காகும் என்பதால் பெரிய பலமும் தேவைப்படவில்லை. சிறிய அறையில் தலை, தோள் படத்துக்கு 200 வொட்-செக்கன் ஃப்ளாஷ் ஒன்றே போதும்.

நிறத்தில் ஏமாறாதீர்கள்

எல்ஈடி விளக்கு வாங்குவோர் பெட்டியில் சீஆர்ஐ என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். முழுப் புள்ளி 100. 95க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். சிவப்பைக் காட்டும் ஆர்9 என்ற எண் தனியாகத் தரப்பட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். சிவப்புக் குறைந்த வெளிச்சத்தில் மாநிற முகம் சோகை பிடித்தது போலாகும், மருதாணியும் மங்கிவிடும். 5600 கெல்வின் விளக்கோடு வீட்டின் மஞ்சள் மின்குமிழையும் எரியவிட்டால் ஒரு கன்னம் வெள்ளை, மறு கன்னம் மஞ்சள். பச்சை வர்ணம் பூசிய சுவரும் முகத்தில் பச்சையைத் தெறிக்கும்.

"வெள்ளையாக்கித் தாங்க" என்று கேட்போர் உண்டு. அதற்காக வெளிச்சத்தைக் கூட்டினால் நகையின் வேலைப்பாடும் முகத்தின் வடிவும் போய்விடும். மென்மையான வெளிச்சத்தில் அவரவர் நிறத்திலேயே எடுத்துக் காட்டுங்கள். அநேகமானோர் அதையே தெரிவுசெய்வதை நான் கண்டிருக்கிறேன். வெள்ளை ஸ்காஃப் அணிந்தவரின் முகத்துக்கு முன் துணிதான் வெளிறிப்போகும். அதற்கேற்ப வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். கறுப்பு அபாயா வெளிச்சத்தை விழுங்குவதால் நாடிக்குக் கீழே இருட்டு விழும். நெஞ்சளவில் ஒரு வெள்ளை ரெஜிபோம் அட்டையைப் பிடித்தால் அந்த இருட்டு குறையும்.

எதை வாங்குவது?

ஓடியாடும் பிள்ளைகளை எடுப்பதற்கு ஃப்ளாஷ் நல்லது, அசைவை நிறுத்திவிடும். விளைவை முன்கூட்டியே பார்க்க விரும்பும் புதியவருக்கு எல்ஈடி இலகு. வளைய விளக்கு மலிவுதான்; ஆனால் மூக்குக்கண்ணாடி அணிந்தவரின் கண்ணாடியில் இரண்டு வளையங்கள் விழும். கடவுச்சீட்டு அளவுப் படங்களே அன்றாட வருமானம் என்றால், இரு பக்கமும் சமமாக வைக்க இரண்டு விளக்குகள் தேவை. ஆளைச் சுவரிலிருந்து 1 மீற்றராவது முன்னே அமர்த்தினால் பின்னால் நிழல் விழாது.

எதை வாங்கினாலும் போவன்ஸ் பூட்டு உள்ளதா என்று பாருங்கள். அந்தப் பிரித்தானிய நிறுவனம் 2017இல் மூடப்பட்டது. ஆயினும் அதன் பூட்டு முறையைப் பல கம்பனிகள் பின்பற்றுவதால், பின்னர் விளக்கை மாற்றினாலும் சொப்ட்பொக்ஸ் வீணாகாது. பெற்றரியில் இயங்குவதாக இருந்தால் மேலும் நல்லது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்ததை நாம் மறந்துவிட முடியாது. அந்த நாட்களில் பெற்றரி ஃப்ளாஷ்தான் என் கடையைத் திறந்து வைத்திருந்தது.

கையில் பணம் குறைவென்றால் அவசரப்பட வேண்டாம். வெயில் நேரே விழாத ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, வீட்டிலுள்ளவர்களை அதன் அருகே அமர்த்தி ஒரு வாரம் படமெடுத்துப் பழகுங்கள். எந்தப் பக்க வெளிச்சம் எந்த முகத்துக்குப் பொருந்துகிறது என்று பிடிபடும். அதன் பிறகு கடைக்குப் போனால், விற்பவர் சொல்வதைக் கேட்டு வாங்க வேண்டிய நிலை உங்களுக்கு வராது.