ஒலிவாங்கி நம் பக்கம் திரும்பும்போது

அரங்கத்தில் விளக்குகள் மங்குகின்றன. முன்புறத்தில் தரையில் அமர்ந்திருக்கும் ஐந்து வயதுச் சிறுமி, ரயிலில் வரும் வழியெல்லாம் தனக்குப் பிடித்த கதாபாத்திரத்தின் பெயரையே பாடிக்கொண்டு வந்தவள். திரையில் அது தோன்றியதும் அவள் துள்ளிக் குதிக்கிறாள். "என்னிடம் கேள்வி கேட்க விரும்புபவர்கள் கையை உயர்த்துங்கள்!" என்ற குரல் கேட்டதும் முதலில் உயர்ந்த கை அவளுடையதுதான். நிகழ்ச்சி நெறியாளர் ஒலிவாங்கியுடன் அவளருகில் வந்து மண்டியிடுகிறார். அவ்வளவுதான், சிறுமிக்கு வாயடைத்துப் போகிறது. பின்னால் இருக்கையில் அமர்ந்திருக்கும் அப்பா, "சொல்லும்மா, பேரைச் சொல்லு!" என்று உரக்கக் கூறுகிறார். அண்ணன் கைப்பேசியை உயர்த்திப் படமெடுக்கிறான். சுற்றியிருப்பவர்கள் அன்போடுதான் சிரிக்கிறார்கள். ஆனால், சிறுமியின் கண்கள் நிரம்பிவிட்டன.

கேளிக்கைப் பூங்காக்களுக்குச் சென்று வந்த குடும்பங்களில் பலருக்கு இந்தக் காட்சி புதிதன்று. பள்ளி விடுமுறையில் தம்பி தங்கைகளையோ அக்காள் பிள்ளைகளையோ அழைத்துச் செல்லும் பொறுப்பு உங்களைப் போன்ற உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் வருவதும் உண்டு. ஆசையோடு கையைத் தூக்கிய குழந்தை ஏன் அடுத்த நொடியே உறைந்துபோகிறது? அந்த நேரத்தில் அருகிலிருக்கும் நாம் என்ன செய்யலாம்?

பார்வையாளரையும் கதைக்குள் இழுத்துக்கொள்ளும் வழக்கம் கேளிக்கைப் பூங்காக்களில் தோன்றியதன்று. தெருக்கூத்தில் வரும் கட்டியங்காரன் கதையை நிறுத்திவிட்டு, எதிரே அமர்ந்திருக்கும் ஊராரிடம் பேச்சுக் கொடுப்பான், கேலி செய்வான். லண்டனில் 1904ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் முதன்முதலாக மேடையேறிய 'பீட்டர் பேன்' நாடகத்தில், டிங்கர் பெல் என்னும் தேவதை நஞ்சு குடித்து உயிருக்குப் போராடும். தேவதைகள் இருப்பதாக நம்புவோர் கைதட்டினால் அவள் பிழைத்துவிடுவாள் என்று பீட்டர் பார்வையாளர்களைப் பார்த்துக் கேட்பான். ஒருவரும் கைதட்டாவிட்டால் என்ன செய்வது என்று நாடகாசிரியர் ஜே. எம். பேரி அஞ்சினாராம். அதனால், இசைக்குழுவினரே கருவிகளைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்ட வேண்டும் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார். அந்த ஏற்பாடு தேவைப்படவில்லை. அரங்கமே கைதட்டியது.

இன்றைய பூங்காக்களில் இந்தப் பழைய உத்திக்குக் கணினி துணை நிற்கிறது. 'ஃபைண்டிங் நீமோ' என்னும் திரைப்படம் 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் வரும் கிரஷ் என்ற கடலாமை, பார்வையாளர்களோடு உரையாடும் காட்சி ஒன்று அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள எப்காட் பூங்காவில் தொடங்கப்பட்டது. சிறுவர்கள் திரைக்கு முன்னால் தரையில் அமர்வார்கள். பெரியவர்களுக்குப் பின்னால் இருக்கைகள். திரையில் நீந்தி வரும் ஆமை, "நீலச் சட்டை போட்டிருக்கும் தம்பி, உன் பெயரென்ன?" என்பது போலக் கேட்கும், பதிலுக்கு ஏற்றபடி நகைச்சுவையாகப் பேசும். இது முன்பே பதிவு செய்த படமாக இருந்தால் சட்டையின் நிறம் அதற்கு எப்படித் தெரியும்? மறைவான ஓரிடத்தில் கலைஞர் ஒருவர் இருக்கிறார். ஒளிப்படக் கருவியின் வழியாக அவர் அரங்கத்தைப் பார்க்கிறார். அவர் பேசப் பேச, அவருடைய குரலுக்கும் கட்டளைக்கும் ஏற்ப ஆமையின் வாயையும் உடலையும் கணினி அந்த நொடியிலேயே அசைக்கிறது. சுருங்கச் சொன்னால், இது ஒரு பொம்மலாட்டம். நூலுக்குப் பதில் கணினி.

நம் செந்தோசாத் தீவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவிலும் 'ஷ்ரெக்' படத்தில் வரும் கழுதை பார்வையாளர்களோடு பேசிச் சிரிக்க வைக்கும் காட்சி நடத்தப்பட்டிருக்கிறது. அங்குள்ள 'வாட்டர்வேர்ல்ட்' காட்சி வேறு வகை. அதில் நீர்விசைப்படகுகள் சீறிப்பாயும், தீப்பிழம்பு எழும், வெடிச்சத்தம் அதிரும். காட்சி தொடங்குவதற்கு முன்பே நடிகர்கள் வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்துப் பார்வையாளர்களை வம்புக்கு இழுப்பார்கள்.

இவை எல்லாம் பெரியவர்களுக்கு விளையாட்டு. சிறு குழந்தைகளுக்கு எப்போதும் அப்படியில்லை. இதை விளங்கிக்கொள்ள ஒரு பூனையின் கதை உதவும். அமெரிக்க உளவியலாளர் ரீட்டா டிவ்ரீஸ் என்பவர் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மேனார்ட் என்ற சாதுவான பூனையைக் குழந்தைகளுக்குக் காட்டினார். அவர்கள் அதைத் தடவிக்கொடுத்தார்கள். பிறகு, பூனையின் உடலை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதன் முகத்தில் நாய் முகமூடி ஒன்று மாட்டப்பட்டது. மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் அது இப்போது நாயாகிவிட்டது என்றே கருதினர். ஆறு வயதுப் பிள்ளைகளோ, முகமூடிக்குள் இருப்பது அதே பூனைதான் என்பதில் பெரும்பாலும் குழம்பவில்லை.

பூங்காவில் பெரிய தலையும் அசையாத சிரிப்புமாக நம்மை நோக்கி நடந்து வரும் உருவத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். "உள்ளே ஓர் அண்ணன்தான் இருக்கிறார், பயப்படாதே" என்று மூன்று வயதுத் தம்பியிடம் சொல்வதால் பெரிய பயன் இல்லாமற்போவதற்குக் காரணம் இதுதான். அவன் பிடிவாதம் பிடிக்கவில்லை. அவன் கண்ணுக்கு அது உண்மையிலேயே வேறோர் உயிர்.

ஐந்தாறு வயதுக்குப் பிறகு இந்த அச்சம் குறைகிறது. ஆனால், அந்த இடத்தில் வேறொன்று வந்து சேர்கிறது. மற்றவர்கள் தன்னைப் பார்க்கிறார்கள், தன்னைப் பற்றி ஏதோ நினைக்கிறார்கள் என்ற உணர்வு வளரத் தொடங்குகிறது. கூட்டத்தில் ஒருவராகக் கையை உயர்த்தும்போது அந்த உணர்வு தலைகாட்டுவதில்லை. ஒலிவாங்கி முகத்துக்கு நேரே வந்ததும்தான் நூறு கண்கள் தன்மீது திரும்பியிருப்பது பிள்ளைக்குத் தெரிகிறது. தொடக்கத்தில் கண்ட சிறுமிக்கு நேர்ந்ததும் அதுவே. அவளது ஆசை பொய்யன்று. அவள் கேட்டது ஆமையோடு பேசும் வாய்ப்பை. கிடைத்ததோ ஊர் பார்க்க ஒரு மேடை.

பிறவியிலேயே அமைந்த இயல்பும் இதில் இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஜெரோம் கேகன் பல ஆண்டுகள் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார். புதிய மனிதரையோ புதிய பொருளையோ கண்டால் ஒதுங்கி நின்று பார்க்கும் இயல்பு ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டுக் குழந்தைகளிடம் சிறு வயதிலேயே காணப்படுவதாக அவர் கூறினார். அதாவது, இருபது பிள்ளைகள் உள்ள ஒரு பாலர் பள்ளி வகுப்பில் மூன்று அல்லது நான்கு பேர். இவர்களைக் 'கூச்சக்காரர்கள்' என்று நாம் எளிதில் முத்திரை குத்திவிடுகிறோம். உறவினர் கூட்டத்தில் அந்தச் சொல்லைப் பிள்ளையின் காதுபடவே சொல்வது எனக்கு எப்போதும் உறுத்தலாக இருக்கும். ஒதுங்கி நிற்கும் பிள்ளை பெரும்பாலும் மிகக் கூர்மையாகக் கவனித்துக்கொண்டிருக்கும்.

அப்படியானால், அருகிலிருக்கும் நமக்கு என்ன வேலை? நாம் நினைப்பதைவிடப் பெரிய வேலை இருக்கிறது என்பதை 1985ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. ஜேம்ஸ் சோர்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மேசை ஒன்றின்மீது தவழவிட்டனர். மேசையின் பாதிவரை கண்ணாடிக்கு அடியிலேயே கட்டம் போட்ட துணி தெரியும். மறுபாதியில் அந்தத் துணி சற்றுத் தாழ்வாக இருக்கும். பார்ப்பதற்கு அங்கே ஒரு பள்ளம் இருப்பது போலத் தோன்றும். கண்ணாடி இருப்பதால் விழ வாய்ப்பே இல்லை. குழந்தை அந்த விளிம்புக்கு வந்ததும் தயங்கி, எதிரே நிற்கும் தாயின் முகத்தைப் பார்க்கும். தாய் பேசக்கூடாது, முகத்தால் மட்டுமே உணர்த்த வேண்டும். தாய் மகிழ்ச்சியைக் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் பள்ளத்தைக் கடந்தனர். தாய் அச்சத்தைக் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

பேசத் தெரிந்த பிள்ளைகளும் இப்படித்தான். என்ன செய்வதென்று தெரியாத நொடியில் அவர்கள் நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த முகத்தில் பதற்றம் இருந்தாலோ, "மானத்தை வாங்காதே" என்ற குறிப்பு இருந்தாலோ, பிள்ளை பின்வாங்குவதில் வியப்பில்லை. அந்த முகத்தைக் கைப்பேசி மறைத்திருந்தால் பிள்ளைக்குப் பார்க்க ஒன்றுமே இல்லை. முதல் காட்சியில் வந்த அண்ணன் செய்யக்கூடியது மிக எளிது: கைப்பேசியைக் கீழே இறக்கி, தங்கையைப் பார்த்துப் புன்னகைத்துத் தலையசைப்பது. அவள் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி.

நிகழ்ச்சிக்கு முன்பே செய்யக்கூடியவை இன்னும் பல. அரங்கத்துக்குள் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளையிடம் உள்ளபடியே சொல்லிவிடுங்கள். "முதலில் இருட்டாகும், பிறகு ஆமை வரும், சில பேரிடம் மட்டும் பேசும், உன்னிடம் பேசாமலும் போகலாம்" என்று சொன்னால் போதும். பெரியவர்கள் வியப்பு கெட்டுவிடுமோ என்று மறைப்பது உண்டு. சிறு பிள்ளைகளுக்கு வியப்பைவிட, அடுத்து என்ன வரும் என்று தெரிவதுதான் இன்பம். ஒரே கதையை நூறு முறை சொல்லச் சொல்லிக் கேட்பவர்கள் அல்லவா? முந்தைய நாள் இரவே வீட்டில் விளையாடிப் பார்க்கலாம். கரண்டியை ஒலிவாங்கியாக வைத்துக்கொண்டு நீங்கள் ஆமையாக மாறி, "உனக்குப் பிடித்த உணவு எது?" என்று கேளுங்கள். கேட்பதற்கு ஒரு கேள்வியையும் பிள்ளையே யோசித்து வைத்துக்கொள்ளட்டும். தயாராக ஒரு வாக்கியம் இருந்தால் நாக்கு அவ்வளவு எளிதில் ஒட்டிக்கொள்ளாது.

எங்கே அமர்வது என்பதும் முக்கியம். முன்வரிசையே சிறந்தது என்று ஓடிப்போய் இடம் பிடிப்பது நம் வழக்கம். தயங்கும் பிள்ளைக்கு நடுவரிசையின் ஓரம் பொருத்தமானது. அங்கிருந்து எல்லாம் தெரியும். வேண்டுமென்றால் எழுந்து வெளியேறலாம். இரண்டு காட்சிகள் பார்க்க நேரம் இருந்தால் முதல் முறை பின்னால் அமர்ந்து பார்த்துவிட்டு, பிள்ளை விரும்பினால் அடுத்த முறை முன்னால் செல்லலாம். நீர்க் காட்சிகளில் நனையும் பகுதி எது என்று பணியாளரிடம் கேட்டு, பிள்ளையையே முடிவெடுக்கச் சொல்லுங்கள். நனைய வேண்டும் என்று முடிவெடுத்த பிள்ளை ஒரு வாளித் தண்ணீருக்கும் சிரிக்கும். எதிர்பாராமல் நனைந்த பிள்ளை நான்கு துளிக்கே அழும். வெடிச்சத்தம் பொறுக்காதவர்களுக்குக் காதடைப்பான் எடுத்துச் செல்லலாம். மதிய வெயிலில் வரிசையில் நின்று, பசியும் தூக்கமுமாக உள்ளே நுழையும் பிள்ளையிடம் மட்டும் எந்த உத்தியும் பலிக்காது.

உள்ளே சென்ற பிறகு ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். பிள்ளையின் கையைப் பிடித்து நாமே உயர்த்திவிடக்கூடாது. அனுபவமுள்ள நெறியாளர்கள் தானாக உயர்ந்த கையையும் தூக்கிவிடப்பட்ட கையையும் பார்த்தவுடனே வேறுபடுத்திவிடுவார்கள். அப்படியே அழைக்கப்பட்டு, பிள்ளை மறுத்தால், "இப்போது வேண்டாமாம், நன்றி" என்று நெறியாளரிடம் நாமே புன்னகையோடு சொல்லிவிடலாம். அவர் அடுத்த பிள்ளையிடம் நகர்ந்துவிடுவார். அரங்கம் அரை நிமிடத்தில் அதை மறந்துவிடும். பிள்ளையின் நினைவில் நிற்பது, தான் 'வேண்டாம்' என்றபோது அண்ணனோ அக்காவோ தன் பக்கம் நின்றதா இல்லையா என்பதுதான்.

இதற்கு நேர்மாறான துயரமும் உண்டு. காட்சி முழுவதும் கையைத் தூக்கியே வைத்திருந்து, கடைசிவரை அழைக்கப்படாத பிள்ளை! ஒரு காட்சியில் சிலரிடம்தான் பேச முடியும். "அதனாலென்ன, விடு" என்று அந்த ஏமாற்றத்தை ஒதுக்கிவிடாமல், "உன்னிடம் பேசியிருந்தால் என்ன கேட்டிருப்பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். வெளியே வரும் வழி முழுவதும் அந்தப் பேச்சே ஓடும்.

நம் சிறுமியின் கதைக்கு வருவோம். அன்று அவள் பேசவேயில்லை. நெறியாளர், "ரகசியமாக என் காதில் சொல்கிறாயா?" என்று கேட்டதற்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். அப்பா வருத்தத்தோடுதான் வீடு திரும்பினார். இரண்டு நாள் கழித்து, வரவேற்பறையில் தாத்தாவைத் தரையில் உட்கார வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, சோபாவின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வெள்ளைச் சட்டை போட்டிருக்கும் தாத்தா! உங்கள் பேர் என்ன?"

தாத்தா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் தலையை நீட்டி, மெல்லிய குரலில் சொன்னாள்: "பயமா இருந்தா சொல்ல வேணாம், தாத்தா. பரவாயில்ல."