வட்டி குறைந்த நாளில் பத்திர விலை இறங்கியது ஏன்?

2025 ஜூன் 6, பெங்களூருவில் வீட்டுக் கடன் கட்டுகிறவர்களுக்கு நல்ல நாள். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகியகாலக் கடனுக்கான ரெப்போ வட்டியை 6 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைப்பதாக ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா அறிவித்தார். கால் சதவீதம் குறையும் என்றுதான் பலரும் கணித்திருந்தார்கள். குறைந்ததோ அரை சதவீதம். ஆனாலும் அன்று சந்தை முடிந்தபோது, மத்திய அரசின் 10 ஆண்டுக் கடன் பத்திரத்தின் விலை இறங்கியிருந்தது.

இது வழக்கத்துக்கு நேர்மாறு. ஆண்டுக்கு 700 ரூபாய் வட்டி தரும் 10,000 ரூபாய்ப் பத்திரம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. நாளை வெளியாகும் புதுப் பத்திரம் 800 ரூபாய் தருமானால், உங்களுடையதை யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள். பத்தாண்டுப் பத்திரம் என்றால் சுமார் 9,330 ரூபாய்தான் கிடைக்கும். வாங்கிய விலைக்குக் கிடைக்கும் வருமான விகிதத்தை 'யீல்டு' என்கிறார்கள். விலை இறங்கினால் யீல்டு ஏறும். வட்டி குறையும் சூழலில் பழைய பத்திரத்தின் விலை ஏறும்.

பிறகு ஏன் அன்று இறங்கியது? அதே அறிவிப்பில் ரிசர்வ் வங்கி தன் நிலைப்பாட்டை 'நடுநிலை' என்று மாற்றியது. இனிமேல் குறைக்க அதிக இடமில்லை என்றும் சொன்னது. பத்தாண்டுப் பத்திரம் வாங்குகிறவர் இன்றைய வட்டியை மட்டும் பார்ப்பதில்லை. பத்தாண்டுப் பாதையையும் எடைபோடுகிறார். வட்டிக் குறைப்பு இத்தோடு முடிந்தது என்று சந்தை புரிந்துகொண்டது.

அரசின் கொள்கைக்கும் இதே கணக்குதான். 2024 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட், அடுத்த ஆண்டின் நிதிப் பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5.1 சதவீதமாக நிர்ணயித்தது. எதிர்பார்த்ததைவிட அது குறைவு. அரசு வாங்கும் கடன் குறையும், சந்தைக்கு வரும் பத்திரங்களும் குறையும் என்பதால் விலை அன்றே ஏறியது.

இந்த அசைவுகள் பெங்களூருவையும் தொடுகின்றன. 1997இல் பெங்களூரு மாநகராட்சி, மாநில அரசின் உத்தரவாதத்துடன் 125 கோடி ரூபாய் திரட்டியது. அது இந்தியாவின் முதல் நகராட்சிக் கடன் பத்திரம். இன்றும் கர்நாடக அரசு ஏலத்தில் கடன் வாங்கும்போது, மத்திய அரசின் யீல்டுக்கு மேல் சற்றுக் கூடுதலாகத் தரவேண்டியிருக்கிறது. 10,000 கோடிக்குக் கால் சதவீதம் கூடினால், ஆண்டுக்கு 25 கோடி ரூபாய் கூடுதல் வட்டி. அது மக்கள் பணம்.

அடுத்த முறை ரெப்போ செய்தி வரும்போது, அன்று மாலை 10 ஆண்டு யீல்டு எங்கே நின்றது என்பதையும் பாருங்கள். அந்தச் செய்தியைச் சந்தை எப்படிப் படித்தது என்பது அதில்தான் தெரியும்.